மீனைக் காட்டலாம், மடுவைக் காட்ட வேண்டாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூண்டிலில் நல்ல மீன் சிக்கினால் நாலு பேரிடம் காட்டத்தான் தோன்றும். அதில் தவறே இல்லை. ஆனால் மீனைக் காட்டும் படம் அது கிடந்த இடத்தையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது. இதைப் பற்றித் தூண்டில்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

ஒரே ஒரு படத்தால் அப்படி என்ன ஆகிவிடும்?

பெரிய ஏரி, நீண்ட கடற்கரை, எல்லாருக்கும் தெரிந்த படகுத்துறை என்றால் ஒன்றும் ஆகாது. அங்கே எடுத்த படத்தைத் தாராளமாகப் போடுங்கள்.

சிக்கல் சின்ன இடங்களில்தான். ஓடை வளையும் இடத்தில் நாலு பேர் நிற்கும் அளவுக்கு ஒரு மடு. அதில் பல வருடங்களாக வளர்ந்த சில பெரிய மீன்கள். அந்த இடத்தின் அடையாளம் வெளியே தெரிந்து ஒரு மாதத்துக்கு நாள்தோறும் ஆட்கள் வந்தால் முதலில் காலியாவது அந்தப் பெரிய மீன்கள்தான். உடல் பெருக்கப் பெருக்க ஒரு பெண்மீன் இடும் முட்டைகளின் எண்ணிக்கை பல மடங்கு கூடும். ஆகவே பெரியவை போனால் அடுத்த தலைமுறையும் சேர்ந்தே போகிறது. கரைப்புல் மிதிபட்டு மண் சரியும். அறுந்த தூண்டில் நரம்பும் முள்ளும் புதரில் தொங்கும், பறவைகள் அதில் சிக்கும். தனியார் நிலம் வழியாகப் போகும் பாதை என்றால், நில உரிமையாளர் பொறுத்துப் பார்த்துவிட்டு வேலி போட்டுவிடுவார்.

இடம் தெரிந்துபோவதால் ஒரு மீனினமே நிலைகுலையும் என்பதற்கு கரீபியக் கடலின் நசாவு களவா நல்ல எடுத்துக்காட்டு. குளிர்கால முழுநிலவை ஒட்டி அவை ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் கூடி முட்டையிடும். அந்த இடங்களைக் குறிவைத்துப் பிடித்ததில், கூடுமிடங்கள் பல இன்று வெறுமையாகக் கிடக்கின்றன. மீனும் அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டுவிட்டது. அருகிய உயிரினங்கள் இருக்கும் துல்லியமான இடத்தை ஆய்வுக்கட்டுரைகளில் கூட வெளியிடாதீர்கள் என்று 2017இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். அறிவியலாளர்களுக்கே அந்தக் கவலை இருக்கும்போது நமக்கும் இருப்பதுதான் நியாயம்.

படத்துக்குள்ளேயே இடம் பதிவாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். கேமராவுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால், கைபேசி எடுக்கும் ஒவ்வொரு படத்தோடும் எக்ஸிஃப் எனப்படும் தகவல் தொகுப்பு ஒட்டிக்கொள்ளும். 1990களின் நடுவில் ஜப்பானில் உருவான தர முறை அது. எந்தக் கருவி, எத்தனை மணி, எந்த லென்ஸ் என்பதோடு அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம் எல்லாம் அதில் எழுதப்படும். கேமரா எந்தத் திசையைப் பார்த்து இருந்தது என்பதைக் கூடப் பல கைபேசிகள் குறித்துவைக்கின்றன.

திறந்த வானத்தின் கீழ் கைபேசியின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் வட்டத்துக்குள் இடத்தைச் சொல்லிவிடும். ஆற்றங்கரையில் 5 மீட்டர் என்றால் நீங்கள் நின்ற பாறையே அதுதான்.

2012 டிசம்பரில் நடந்தது இது: பெலீஸ் நாட்டுக் காவல்துறை விசாரணைக்காகத் தேடிக்கொண்டிருந்த மென்பொருள் தொழிலதிபர் ஜான் மெக்காஃபியைப் பேட்டி கண்ட ஓர் இதழ், அவரோடு எடுத்த படத்தை அப்படியே இணையத்தில் போட்டது. படத்துக்குள் இருந்த எண்களைப் பார்த்தவர்கள் அவர் குவாதமாலாவில் இருப்பதை உடனே சொல்லிவிட்டார்கள்.

வாட்ஸ்அப், முகநூல், இன்ஸ்டாகிராம் எல்லாம் அந்தத் தகவலை நீக்கிவிடும்தானே?

பொதுவாக, ஆம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இருப்பிடம் போய்விடும். முகநூல், இன்ஸ்டாகிராமில் மற்றவர்கள் இறக்கிக்கொள்ளும் படத்திலும் அது இருக்காது. ஆனால் நீங்கள் ஏற்றும்போது அந்த நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்ததை மறக்க வேண்டாம்.

ஆட்கள் ஏமாறுவது வேறு வழியில். “தெளிவாக அனுப்பு” என்று நண்பர் கேட்பார். படம் மங்காமல் இருக்க அதை டாக்குமென்டாக அனுப்புவோம். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் அப்படிக் கோப்பாக அனுப்பினால் உள்ளே இருக்கும் எதுவும் நீங்காது. மின்னஞ்சல் இணைப்பும், கிளவுட் சேமிப்பில் போட்டுத் தரும் லிங்க்கும் அப்படித்தான். அதனால் எந்தச் செயலி எதை நீக்கும் என்று மனப்பாடம் செய்வதை விட, கைபேசியை விட்டு வெளியே போகும் முன்பே நாமே நீக்கிவிடுவது நிம்மதி.

நானே எப்படி நீக்குவது?

கேமராவின் அமைப்புகளில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஐபோனில் பகிரும்போது மேலே வரும் ‘ஆப்ஷன்ஸ்’ஸைத் தட்டி, இருப்பிடத்தை மட்டும் விலக்கிவிட்டும் அனுப்பலாம். விண்டோஸ் கணினியில் படத்தின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ உள்ளே ‘டீடெய்ல்ஸ்’ பகுதியின் அடியில் தனிப்பட்ட தகவல்களை நீக்கும் வசதி இருக்கிறது. அவசரத்துக்கு, திரையில் படத்தைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்புங்கள். அது புதுக் கோப்பு, மீன் பிடித்த இடம் அதில் இருக்காது.

சொந்தக் குறிப்புக்காக இருப்பிடம் பதிவாகட்டும் என்று விரும்புபவர்கள் உண்டு. பல வருடம் கழித்து எந்த மாதத்தில் எந்த மடுவில் என்ன கிடைத்தது என்று பார்ப்பது பெரிய பாக்கியம்தான். அவர்கள் அசல் படத்தைத் தனியாக வைத்துக்கொண்டு, பகிர்வதற்கென்று ஒரு நகல் எடுத்து அதில் மட்டும் நீக்கட்டும்.

ஜிபிஎஸ் தகவலை நீக்கிவிட்டேன். இனிக் கவலை இல்லையே?

உண்மையான கவலை இங்கேதான் தொடங்குகிறது. எண்களை எடுப்பது ஒரு நிமிட வேலை. பின்னணி அப்படி இல்லை. இடங்கள் வெளியே தெரிவது பெரும்பாலும் அதனால்தான்.

சாதாரணமான ஒரு படத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குப் பதிவிட்டது. ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு கைகளாலும் மீனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். “ரகசிய இடம்” என்று மட்டும் எழுதியிருக்கிறார். இதைப் பார்க்கும் ஒருவர், கண்டுபிடித்தே தீருவது என்று உட்கார்ந்தால் என்ன செய்வார்?

படத்தைப் பெரிதாக்குவார். அக்கரைப் பாறைகளில் தண்ணீருக்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்கு வெளிறிய பட்டை தெரிகிறது. நீர்மட்டம் ஏறி இறங்கும் இடம், அதாவது பெரும்பாலும் அணை நீர்த்தேக்கம். தோளுக்குப் பின்னால் மலைமுகட்டில் ஒரு மின்கோபுரம். அதற்கு வலப்புறம் இரண்டு திமில்போல் முகடு எழுந்து நடுவில் சட்டென்று பள்ளமாகிறது. நிழல்கள் எல்லாம் படத்தின் இடப்பக்கமாக நீண்டு விழுகின்றன. காலை வெயில் கிழக்கிலிருந்து வரும், நிழல் மேற்கே விழும். அப்படியானால் படத்தின் இடப்பக்கம் மேற்கு, கேமரா பார்த்தது வடக்கே. ஆகவே படம் எடுத்தவர் நின்றது தென்கரை.

இனி அவருக்குத் தேவை ஒரு செயற்கைக்கோள் வரைபடம். வடகரை முகட்டின் மேல் மின்பாதை போகும் நீர்த்தேக்கம் ஒரு மாவட்டத்துக்குள் எத்தனை இருந்துவிடும்? ஒன்றோ இரண்டோ. கூகுள் எர்த்தில் நிலத்தைச் சாய்த்து முப்பரிமாணமாகப் பார்த்து, அந்தப் பள்ளமும் கோபுரமும் படத்தில் இருப்பதுபோலவே ஒரே கோட்டில் வரும் வரைக்கும் தென்கரையோரமாக நகர்ந்துகொண்டே வருவார். வந்து நிற்கும் இடம்தான் உங்கள் இடம். இதற்கு எக்ஸிஃபும் வேண்டாம், ஹேக்கிங்கும் வேண்டாம். பத்திரிகையாளர்கள் போர்க்களப் படங்களைச் சரிபார்க்கும் முறையே இதுதான். அதே பொறுமை மீன்மேல் ஆசை உள்ளவருக்கும் வரும்.

இப்போது அந்தப் பொறுமை கூடத் தேவைப்படாமல் போகிறது. 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் பீஜியன் என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். தெருக்காட்சிப் படத்தைப் பார்த்து இடத்தை ஊகிக்கும் ஜியோகெஸ்ஸர் விளையாட்டில் அது கைதேர்ந்த ஆட்டக்காரரையே வென்றது. மண்ணின் நிறம், செடிகளின் வகை, கம்பத்தின் வடிவம் இவற்றை வைத்தே இந்த வகை மென்பொருட்கள் வட்டாரத்தைக் குறுக்கிவிடுகின்றன.

பின்னணியில் எதையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்?

முதலில் தொடுவானம். மலைமுகட்டின் கோடு கைரேகை மாதிரி, இன்னொரு இடத்தில் அப்படியே வராது. அடுத்து மனிதர் கட்டியவை: பாலம், மதகு, மின்கம்பம், செல்போன் கோபுரம், படகுத்துறை, மிதவை. இவற்றில் எண் எழுதியிருந்தால் இன்னும் மோசம். சாய்ந்து கிடக்கும் பட்டுப்போன மரம், தனியாக நிற்கும் பாறை போன்றவை வெளியூர்க்காரருக்கு ஒன்றும் சொல்லாது. அந்தக் கரையில் ஒருமுறை நடந்தவருக்கு எல்லாம் சொல்லிவிடும். உங்கள் இடத்துக்கு அடுத்த நாளே வரக்கூடியவர் அவர்தான்.

கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தால் அதில் எதிர்க்கரை முழுசாகத் தெரியும். அசையாத தண்ணீரிலும் அப்படியே. வண்டி நிறுத்திய இடம், நுழைவுச்சீட்டு, படகின் பதிவெண் ஆகியவற்றையும் பாருங்கள்.

மீனே காட்டிக்கொடுப்பதும் உண்டு. ஒரு வட்டாரத்தில் இரண்டே ஓடைகளில் மட்டும் வாழும் இனத்தைப் பிடித்துவிட்டு ஓடையின் பெயரை மறைப்பதில் பெரிய பயன் இல்லை. அந்த மாதிரி மீனைப் பகிராமல் விடுவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

பின்னணியை மங்கலாக்கினால் போதாதா?

லேசாக மங்கலாக்கினால் போதாது. முகட்டின் கோடும் கோபுரத்தின் நிழலுருவும் மங்கலிலும் தெரியும். வெட்டி எறிவதுதான் நம்பகமானது.

வெட்டுவதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. சில செயலிகள் வெட்டிய பகுதியை உண்மையில் அழிப்பதில்லை. 2023 மார்ச்சில் கூகுள் பிக்சல் கைபேசிகளின் படத்திருத்தக் கருவியில் இப்படி ஒரு குறை வெளியே வந்தது: வெட்டிச் சேமித்த ஸ்கிரீன்ஷாட்டின் பழைய பகுதியில் கொஞ்சத்தை மீட்டெடுக்க முடிந்தது. விண்டோஸின் வெட்டும் கருவியிலும் அதே வகைக் குறை இருந்தது. இரண்டையும் சரிசெய்துவிட்டார்கள். ஆனாலும் வெட்டியபின் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைப் பகிர்ந்தால் இந்தச் சந்தேகமே வேண்டாம்.

அப்படியானால் படத்தை எப்படித்தான் எடுப்பது?

மறைக்கும் வேலையைப் பின்னால் செய்வதை விட, எடுக்கும்போதே இடம் படத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்வது நூறு மடங்கு எளிது. அதற்குச் சிறந்த வழி மேலிருந்து கீழாக எடுப்பது. மீன் ஈரமான வலைக்கரண்டியில், பாதி தண்ணீருக்குள் இருக்கட்டும். நீங்கள் குனிந்து, கேமராவை மீனுக்கு நேர் மேலே பிடியுங்கள். படச் சட்டம் முழுக்க மீன் நிறையட்டும். பின்னணியில் வலைக்கண்ணியும், நனைந்த கையும், சலசலக்கும் தண்ணீரும் மட்டும்தான் இருக்கும். தண்ணீருக்கு ஊர்ப்பெயர் இல்லை.

இப்படி எடுத்த படம் அழகாகவும் இருக்கும். தூக்கிப் பிடித்த மீனின் செதில்களில் வெயில் பட்டு வெள்ளையடித்துவிடும். தண்ணீரில் பாதி மூழ்கிய மீனின் முதுகில் இருக்கும் பச்சையும், துடுப்பின் ஓரச் சிவப்பும், செவுள் திறந்து மூடுவதும் அப்படியே பதியும்.

மீனுக்கும் இதுதான் நல்லது. திரும்பத் தண்ணீரில் விடப்போகும் மீன் என்றால் காற்றில் கழியும் ஒவ்வொரு நொடியும் அதற்குக் கேடு. 1992இல் வெளியான ஓர் ஆய்வில், ஓடிக் களைத்த வானவில் டிரவுட் மீன்களைக் காற்றில் வைக்காமல் விட்டபோது 12 விழுக்காடுதான் இறந்தன. 30 நொடி காற்றில் வைத்தவற்றில் 38 விழுக்காடும், 60 நொடி வைத்தவற்றில் 72 விழுக்காடும் இறந்தன. எல்லா மீனுக்கும் இதே எண்கள் பொருந்தாது, ஆனால் போக்கு புரிகிறது. மீனைத் தூக்கிக்கொண்டு “பின்னால் கோபுரம் தெரியுது, அந்தப் பக்கம் திரும்பு” என்று நின்று கொண்டிருப்பதற்கு நேரமில்லை. எந்தக் கோணம், யார் எடுப்பது என்பதைத் தூண்டில் போடும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

முகமும் படத்தில் வர வேண்டும் என்றால் கரையோரம் மண்டியிட்டு, பின்னால் நெருக்கமான நாணலோ புதரோ இருக்கும்படி உட்காருங்கள். எடுப்பவர் கொஞ்சம் உயரத்திலிருந்து கீழ்நோக்கி எடுக்கட்டும். தொடுவானம் வராத எந்தக் கோணமும் நல்ல கோணம்தான்.

ஐபோனில் லைவ் போட்டோவை அணைத்துவிடுங்கள். அது படம் எடுப்பதற்கு 1.5 நொடி முன்னும் பின்னும் ஒலியோடு பதிவு செய்யும். நீங்கள் கவனமாகத் தவிர்த்த பாலம், கேமராவைத் தூக்கி இறக்கும் அந்த நொடியில் வந்துபோகும்.

காணொளி எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் படத்தை விடப் பல மடங்கு கவனம் வேண்டும். ஒரு சுற்றுத் திரும்பினால் கரை முழுவதும் பதிவாகிவிடும். கோவில் மணி, ரயில் சத்தம், பக்கத்தில் பேசும் குரல் எல்லாம் துப்புதான். ஒலியை நீக்கிவிட்டு, மீன் வலைக்குள் வரும் சில நொடிகளையும் அதைத் திரும்ப விடும் காட்சியையும் மட்டும் வெட்டிப் போடுங்கள். நேரலை மட்டும் வேண்டவே வேண்டாம். ட்ரோன் காட்சி என்பது வரைபடத்தையே கையில் கொடுப்பது.

படகில் இருக்கும் சோனார் (ஒலியலையால் மீனைத் தேடும் கருவி) திரையைப் படம் எடுத்துப் போடலாமா?

திரையின் மூலையைப் பாருங்கள். பல கருவிகளில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் எழுத்தாகவே ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்தில் ஆழமும் நீரின் வெப்பநிலையும். வரைபடப் பகுதி தெரிந்தால் கரையின் வளைவும் நீங்கள் குறித்துவைத்த புள்ளிகளும் அதில் இருக்கும். மீன் கூட்டத்தின் வளைவுகளைக் காட்ட விரும்பினால் அந்தப் பகுதியை மட்டும் நெருங்கி எடுங்கள்.

எப்போது பதிவிடுவது?

வீட்டுக்கு வந்த கையோடு வேண்டாம். “இன்று காலை” என்று போட்டால், அன்று உங்கள் வண்டியை எங்கேயோ பார்த்தவருக்குக் கணக்கு சரியாகிவிடும். சில வாரங்கள் தள்ளிப் போடுங்கள். பருவம் மாறியபின் என்றால் இன்னும் நல்லது. முட்டையிடும் காலத்துக்கு மீன் மேலேறி வரும் இடம் என்றால் அந்தக் காலம் முழுசாக முடியும் வரை பொறுத்திருங்கள்.

எந்த இடம் என்று கேட்டால் என்ன சொல்வது? வேறொரு இடத்தின் பெயரைச் சொல்லிவிடலாமா?

கூடாது. நீங்கள் வாய்க்கு வந்த பெயர் ஒன்றைச் சொன்னால் கூட்டம் அங்கே போகும். உங்கள் மடுவைக் காப்பாற்ற இன்னொருவரின் மடுவைப் பலி கொடுத்தது போலாகும். “இடத்தை மட்டும் சொல்வதில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்” என்று நேராகச் சொல்லலாம். யாரும் தவறாக நினைப்பதில்லை.

ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். என்ன இரை, எத்தனை அடி ஆழத்தில் தக்கையை நிறுத்தினீர்கள், எவ்வளவு கனமான ஈயம், நரம்பின் தடிமன், தண்ணீர் தெளிவாக இருந்ததா கலங்கியிருந்ததா, நிழலில் கிடந்ததா நீரோட்டத்தின் ஓரத்தில் கிடந்ததா என்று எல்லாவற்றையும் கொட்டிக்கொடுங்கள். புதிதாகக் கற்றுக்கொள்ள வந்தவருக்கு ஓர் இடத்தின் பெயரை விட, எப்படிப்பட்ட இடத்தில் மீன் நிற்கும் என்ற அறிவுதான் எந்த ஆற்றுக்குப் போனாலும் கைகொடுக்கும். கருத்துப் பகுதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்: “அந்தப் பழைய பாலத்துக்குக் கீழேதானே அண்ணா?” என்று யாராவது ஆர்வத்தில் எழுதிவிடுவார்கள். பதில் சொல்லாமல் அதை நீக்குங்கள், பிறகு தனியாகச் சொல்லிப் புரியவையுங்கள்.

நண்பர் கூட்டிப்போன இடத்தில் நான் மீன் பிடித்தேன். படத்தைப் போடலாமா?

அவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். இடம் அவர் நம்பிக் காட்டியது. அவர் வேண்டாம் என்றால் படம் உங்கள் கைபேசியிலேயே இருக்கட்டும்.

மீன்பிடி ஆப்பிலும் கைக்கடிகாரத்திலும் பதிவு செய்கிறேன். அதில் ஆபத்து உண்டா?

உண்டு. பிடித்த மீனைப் பதிவு செய்யும் ஆப்கள் வரைபடத்தில் புள்ளி வைப்பவை. அந்தப் புள்ளி யாருக்குத் தெரியும் என்பதை அமைப்புகளில் போய் நீங்களே பாருங்கள். நடைப்பயிற்சியைப் பதிவு செய்யும் கடிகாரம் வண்டியிலிருந்து கரை வரைக்கும் போன பாதையைக் கோடாக வரைந்து வைக்கும். ஸ்ட்ராவா நிறுவனம் 2017 நவம்பரில் உலகம் முழுவதுமுள்ள பயனர்களின் ஓட்டப்பாதைகளைத் திரட்டி ஒரே வரைபடமாக வெளியிட்டது. யாருடைய பெயரும் அதில் இல்லை. ஆனாலும் 2018 ஜனவரியில், பாலைவனங்களின் நடுவே ராணுவ முகாம்கள் அதில் ஒளிக்கோடுகளாகத் தெரிவதைப் பார்த்துச் சொன்னார்கள். மீன் பிடிக்கப் போகும் நாளில் அந்தப் பதிவைத் தனிப்பட்டதாக மாற்றிவிடுங்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்டேனே, என்ன செய்ய?

நீக்குங்கள், தாமதம் வேண்டாம். பழைய பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்து, இடக்குறியீடு போட்டவற்றில் அதை எடுத்துவிடுங்கள். உங்களை டேக் செய்த நண்பர்களின் படங்களையும் பாருங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் சொல்லாத நாலு படங்கள் சேர்ந்தால் ஒரு கரையை வரைந்துவிடும்.

யாரிடமுமே இடத்தைச் சொல்லக் கூடாதா?

வீட்டில் ஒருவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கே போகிறீர்கள், எந்த வழியாக இறங்குவீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் போங்கள். இருப்பிடத்தைக் கைபேசியில் அவரோடு மட்டும் பகிர்ந்துகொள்ளுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத கரையில் வழுக்கி விழுந்தால் தேடி வருபவருக்கு அந்த ஒரு வரிதான் உயிர்.

மீன்வளத் துறையினர் கணக்கெடுப்புக்குக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். மீன்கள் செத்து மிதந்தாலோ, கழிவு கலந்தாலோ, அங்கே இருக்கக் கூடாத அந்நிய இனம் சிக்கினாலோ, இடத்தைத் துல்லியமாகச் சொன்னால்தான் நடவடிக்கை எடுக்க முடியும். முதுகில் அடையாளப் பட்டை கட்டிய மீன் கிடைத்தாலும் அப்படித்தான்: பட்டையில் உள்ள எண், மீனின் நீளம், பிடித்த தேதி, ஜிபிஎஸ் எண்கள் அனைத்தையும் பட்டையில் எழுதியிருக்கும் முகவரிக்கு அனுப்புங்கள். அந்த மீன் எங்கிருந்து எங்கே நீந்தி வந்தது என்பதை அவர்கள் அதை வைத்துத்தான் அறிவார்கள்.